குடி, குடிமை, குடிமகன்: ஒரு சொல்லின் வரலாறு

காவிரிப் படுகையின் ஊர்ப் பெயர்களில் ‘குடி’ என்று முடிபவை ஏராளம். மன்னார்குடி, ஆலங்குடி, எட்டுக்குடி, திருச்செங்காட்டங்குடி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அந்த ஊர்களில் மூத்த தலைமுறையினர் வீட்டு வாடகையைக் குடிக்கூலி என்பார்கள். பேச்சில் அது ‘குடக்கூலி’ ஆகிவிடும். ஊர்ப் பெயரில் கிடக்கும் இந்தச் சிறு சொல்தான் இன்று குடியரசு, குடியுரிமை, குடிமகன் என்னும் அரசியல் சொற்களுக்கும் வேராக இருக்கிறது.

‘குடி’ என்பதன் முதற்பொருள் உறைவிடம். குடில், குடிசை ஆகியவை இதே சொற்குடும்பத்தைச் சேர்ந்தவை. மலையாளத்திலும் அது வீட்டைக் குறிக்கிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் அதன் இணைச்சொல் கோயிலைக் குறிக்கிறது. உறைவிடத்திலிருந்து அதில் உறையும் குடும்பம், குடும்பத்திலிருந்து அதன் வழிமரபு, அங்கிருந்து அரசனின் கோலுக்குக் கீழ் வாழும் மக்கள் என்று பொருள் விரிந்திருக்கிறது. ‘படைகுடி கூழ்அமைச்சு நட்பரண்’ என்று அரசின் ஆறு உறுப்புகளை எண்ணும் குறளில் குடி என்பது நாட்டு மக்கள். அதே நூலின் ‘குடிமை’ அதிகாரத்திலோ நற்குடிப் பிறப்பு. ‘குடிமைப் பொருள் வழங்கல்’ என்று இன்று அரசுப் பலகையில் எழுதப்படும் குடிமைக்கும் அந்தக் குடிமைக்கும் இடையில் பெரிய தொலைவு உண்டு.

அந்தத் தொலைவின் நடுவில் சோழர் கல்வெட்டுகள் நிற்கின்றன. அவற்றில் குடிமை என்பது குடிகள் செலுத்த வேண்டிய கடப்பாடு; வரியாகவும் உடலுழைப்பாகவும் அது வசூலானது. நிலத்தைக் கோயிலுக்குக் கொடுக்கும்போது அதில் ஏற்கெனவே உழுதுவந்தவர்களை வெளியேற்றிக் கொடுத்தார்களா, இருக்கவிட்டுக் கொடுத்தார்களா என்பதைக் ‘குடிநீக்கிய தேவதானம்’, ‘குடிநீங்காத் தேவதானம்’ என்னும் தொடர்கள் வேறுபடுத்திக் காட்டுகின்றன. நீக்கப்படக் கூடியவர் என்பதும் குடியின் பொருளில் ஒரு பகுதியாக இருந்தது என்பதை இத்தொடர்களே சொல்லிவிடுகின்றன. வாய்க்காலைத் தூர்வார ஊரார் சேர்ந்து உழைக்கும் ‘குடிமராமத்து’ என்னும் சொல்லில் (மராமத்து அரபு வழி வந்தது) கடப்பாடு என்னும் பழைய பொருள் இன்னும் ஒட்டியிருக்கிறது.

‘குடிமகன்’ பழைய வழக்கில் பெருமைக்குரிய பெயராக மட்டும் இருக்கவில்லை. நற்குடிப் பிறந்தவன் என்னும் பொருள் ஒருபுறம் இருக்க, ஊருக்குத் தொழில்செய்யக் கடமைப்பட்ட வண்ணார், நாவிதர், குயவர் முதலியோரைப் பதினெண் குடிமக்கள் என்று அழைத்தனர். நாவிதரைக் குடிமகன் என்றே குறிப்பதும் உண்டு. இன்றைய அரசியல் பொருளுக்கு முற்பட்ட தலைமுறை ‘பிரஜை’ என்னும் வடசொல்லைக் கையாண்டது. அதன் மூலப்பொருள் மகவு, அதாவது அரசனின் பிள்ளை. இலங்கைத் தமிழில் ‘பிரஜாவுரிமை’ வலுவாக நின்றது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியதால் அச்சொல்லுக்கு அங்கே ஒரு கசப்பும் சேர்ந்துவிட்டது. குடிமகனைக் குறிக்கும் ஐரோப்பிய மொழிகளின் சொல் நகரத்திலிருந்து பிறந்தது: நகரத்தின் உறுப்பினர் என்பதே அதன் அடிப்படை. நம்முடையது வீட்டிலிருந்து பிறந்தது. பிரஜையைவிடக் குடிமகன் பொருத்தமானது என்று நான் கருதுவதற்கு அது தமிழ்ச்சொல் என்பது மட்டுமே காரணமன்று; ஓரிடத்தில் நிலைத்து வாழ்பவர் என்னும் கருத்து அதில் இருக்கிறது.

ஆனால் அந்தக் கருத்திலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது: நிலைத்து வாழ மனை இல்லாதவரை அது வெளியே நிறுத்திவிடும். குடவோலை முறையை விரிவாகச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) காவிரிக்கு வடக்கே தொலைவில் இருந்தாலும், தஞ்சைச் சோழன் முதலாம் பராந்தகன் காலத்தவை. குடவோலையை இன்றைய வாக்குச்சீட்டுக்கு முன்னோடி என்று மேடைகளில் பேசுகிறார்கள். அது வாக்களிப்பன்று, குடத்திலிட்ட ஓலைகளில் ஒன்றை ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்யும் சீட்டுமுறை. ஓலையில் பெயர் எழுதப்படவே ஒருவருக்கு வரிகட்டும் நிலம் வேண்டும். தன் மனையிலே வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடைப்பட வேண்டும். வேதக் கல்வியும் வேண்டும். ஆங்கிலேயர் காலத்து 1919, 1935 சட்டங்களும் வேறு வழியில் சொத்தையும் வரியையும் கல்வியையுமே வாக்குரிமைக்கு அளவுகோலாக்கின. தன் மனை என்று சொல்லிக்கொள்ள ஒரு குழி நிலமும் இல்லாமல், மிராசுதாரின் நிலத்தில் குடிசை போட்டிருந்த கீழத்தஞ்சைப் பண்ணையாள் இந்த அளவுகோல்களுக்குள் வரவே முடியாது.

அரசமைப்பின் 326ஆம் உறுப்பு அந்த அளவுகோலை முறித்தது. 21 வயது நிரம்பிய குடிமக்கள் அனைவருக்கும் வாக்கு என்றது. 1989 முதல் அது 18 வயதாயிற்று. 1952 தொடக்கத்தில் பண்ணையாளும் பண்ணையாரும் ஆளுக்கு ஒரு வாக்கு அளித்தனர். அதே ஆண்டில் பண்ணையாளையும் குத்தகைதாரரையும் வெளியேற்றத்திலிருந்து காக்கத் தஞ்சாவூருக்கென்றே ஒரு சட்டம் வந்தது. குடியிருக்கும் மனை அவர்களுக்குச் சொந்தமாவதற்கோ 1971 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் 1968 டிசம்பர் 25 அன்று கீழத்தஞ்சையின் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் விவசாயக் கூலிக் குடும்பங்களின் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிலும் ‘குடியிருப்பு’ என்னும் தமிழ்ச்சொல் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே நிற்கிறது. குடிமகன் ஆனவர் குடியிருப்புக்கு உரியவராக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன.

சொல்லாட்சியில் ஒரு குறை உண்டு. ‘குடிமகன்’ ஆண்பாலில் நிற்கிறது. மதுக்கடை வாசலில் நிற்பவரைக் கேலி செய்யவும் அது பயன்பட்டு மலிந்துவிட்டது. பொதுவாகப் பேசுமிடத்தில் ‘குடிமக்கள்’ என்பதும், ஒருவரைச் சுட்டுமிடத்தில் ‘குடியுரிமையாளர்’ என்பதும் போதும்.

வீட்டுக்கும் உரிமைக்கும் இருந்த பழைய முடிச்சு முழுதாக அவிழ்ந்துவிடவில்லை. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் எந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருக்கிறாரோ அங்கேதான் அவர் பெயர் வாக்காளர் பட்டியலில் சேரும். அங்கே வீடு சொந்தமாக இருப்பது மட்டுமே அதற்குப் போதாது என்றும், தற்காலிகமாக வெளியூர் போயிருப்பதாலேயே அந்த நிலை அற்றுப்போகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பாதி ஆண்டைத் திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் கழித்துவிட்டு அறுவடைக்கு மன்னார்குடிப் பக்கம் திரும்புகிறவரிடம், பட்டியல் திருத்தத்துக்கு வரும் அலுவலர் கேட்பது சொந்த வீடு எங்கே என்றன்று, குடி எங்கே என்றுதான்.