வீடு இரண்டு இருக்கலாம், ஓட்டு ஒன்றுதான்: எல்லை ஊர்க்காரர்களுக்கான விளக்கம்

கேரளத்தின் மூணாறு, உடும்பன்சோலை, பீருமேடு பக்கம் தேயிலைக் கொழுந்து எடுப்பவர்களில் பலருக்குத் தமிழ்நாட்டில் போடியிலோ கம்பத்திலோ சங்கரன்கோவில் பக்கமோ சொந்த ஊர் இருக்கும். ரிட்டயர் ஆனால் லயத்தை, அதாவது எஸ்டேட் கொடுத்த வரிசை வீட்டை, காலி செய்யணும் என்பதால் ஊரில் சின்னதாக ஒரு வீட்டையும் கட்டி வைத்திருப்பார்கள். அந்த விலாசத்தில் ஒரு ஓட்டு, லயத்து விலாசத்தில் ஒரு ஓட்டு. "ரெண்டு பக்கமும் நம்ம ஊருதானே" என்று என் சொந்தக்காரர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாசம் இரண்டு ஊர் மேலும் இருக்கலாம். ஓட்டு அப்படி இருக்க முடியாது.

1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17-வது பிரிவு, ஒருவர் பெயர் ஒரு தொகுதிக்கு மேல் பட்டியலில் இருக்கக் கூடாது என்கிறது. எந்த ஊர் நம் ஊர் என்று 20-வது பிரிவு சொல்கிறது: வழக்கமாக எங்கே குடியிருக்கிறோமோ, அதுதான். ஊரில் வீடு சொந்தமாக இருப்பது மட்டும் போதாது. பூட்டிக்கிடக்கும் வீட்டைக் காட்டி ஓட்டுக் கேட்க முடியாது.

புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-இல், "வேறு எந்தத் தொகுதியிலும் என் பெயர் இல்லை" என்ற உறுதிமொழிக்குக் கீழேதான் கையெழுத்துப் போடுகிறோம். யாரோ நிரப்பிக் கொடுக்க, படிக்காமல் போடுகிறவர்கள்தான் அதிகம். அது தெரிந்தே சொன்ன பொய் என்றால் 31-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மாட்டுவது படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர் அல்ல, கையெழுத்துப் போட்டவர்.

2021 சட்டமன்றத் தேர்தலில் இரண்டு மாநிலத்திலும் ஒரே நாள், ஏப்ரல் 6. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, கேரளத்துக்கு 26. இடையில் ஒரு வாரம். நகத்தில் வைத்த மை ஒரு வாரத்தில் போகாது, நகம் வளர்ந்துதான் வெளியேற வேண்டும். விரலைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அப்படியும் எப்படியோ இரண்டு தொகுதியில் போட்டுவிட்டால், 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-வது பிரிவின்படி இரண்டு ஓட்டுமே செல்லாது.

அப்புறம் ஜீப். வேட்பாளர் தரப்பு வண்டி பிடித்து வாக்காளரை இலவசமாகச் சாவடிக்குக் கூட்டிப்போவதை அதே சட்டத்தின் 123-வது பிரிவு முறைகேடு என்கிறது. ஓட்டு ஒன்றே ஒன்றாக இருந்தாலும் இந்த விதி பொருந்தும். போடிமெட்டு, கம்பம்மெட்டு மலைப்பாதைகள் வழியாக ஆள் ஏற்றி வருகிறவர்களுக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. லயத்தில் தண்ணீர் வராததும் ஆஸ்பத்திரிக்கு மலை இறங்க வேண்டியிருப்பதும் அங்கேயே கிடப்பவருக்குத்தான் தெரியும். அவருடைய ஒற்றை ஓட்டை, பொழுது சாய்வதற்குள் திரும்பிப்போகிற ஒருவர் வந்து மதிப்பில்லாமல் ஆக்கிவிட்டுப் போவது அநியாயம்.

சரி, இப்போது இரண்டு பக்கமும் பெயர் இருந்தால் என்ன செய்வது? குடியிருக்கும் ஊரில் ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றத் தொகுதியில் படிவம் 7 கொடுத்து நம் பெயரை நாமே நீக்கச் சொல்லலாம். ரிட்டயர் ஆகி ஊருக்கே போகிறவர்கள் படிவம் 6 பக்கமே போக வேண்டாம். படிவம் 8 கொடுத்தால் மாநிலம் மாறினாலும் பழைய ஓட்டு அப்படியே புது விலாசத்துக்கு மாறும். இரண்டையும் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் தரலாம், தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் தரலாம். கட்டணம் கிடையாது. சந்தேகம் இருந்தால் 1950 என்ற உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள்.

பெயரை எடுத்தால் ஊரில் இருக்கும் பட்டாவும் போய்விடுமோ என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். போகாது. நிலத்துக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று: கேரளத்தில் பஞ்சாயத்துத் தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. சட்டமன்றப் பட்டியலில் பெயரை எடுத்தாலும் அதில் தானாகப் போகாது. அங்கே தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.