விளிம்பை இழந்த அணி எங்கே போய் விழுந்தது?

"ஆதிக்கம் செலுத்திவந்த அணி தன் போட்டி விளிம்பை இழந்தது." ஃபார்முலா 1 கார் பந்தயம் பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் இந்த வாக்கியம் ஏதாவது ஓர் உருவில் தலைகாட்டிவிடுகிறது. ஒருமுறை மெர்சிடிஸ் இழக்கும், அடுத்தமுறை ரெட் புல் இழக்கும். முதலில் பார்த்தபோது கைப்பிழை என்று விட்டுவிட்டேன். இரண்டாம் முறை சிரித்தேன். போன வாரம் ஒரு காணொளியில் ஒருவர் அதையே மூன்று முறை, அதுவும் அழுத்தம் கொடுத்துச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது.

ஆங்கிலத்தில் 'காம்பெட்டிட்டிவ் எட்ஜ்' என்பார்கள், போட்டியில் எதிராளியைவிடச் சற்றே மேலான நிலை. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததுதான் இந்தப் 'போட்டி விளிம்பு'. 'எட்ஜ்' என்ற ஆங்கிலச் சொல்லின் கதை சின்னது. பழைய ஆங்கிலத்தில் அது வாளின் தீட்டிய பக்கம். செய்யுளில் வாளுக்கே அந்தப் பெயர் உண்டு. அதற்கு உறவான இலத்தீன் சொல் 'ஆக்கியெஸ்' கத்தியின் கூரையும் குறிக்கும், போர்க்கள அணிவகுப்பையும் குறிக்கும். நம்முடைய 'முனை' ஊசிமுனையாகவும் போர்முனையாகவும் இருக்கிறதல்லவா, அதுபோல. ஓரம், விளிம்பு என்ற பொருள்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. எதிராளியைவிடச் சற்றே மேலான நிலை என்ற பொருள் அதற்கும் பிந்தியது. அது கூரிலிருந்து கிளைத்தது, ஓரத்திலிருந்து அல்ல என்றே நான் கொள்கிறேன். வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

இப்போது விளிம்புக்கு வருவோம். தட்டுக்கு விளிம்பு உண்டு, பள்ளத்துக்கு உண்டு. கத்தியின் வெட்டும் பக்கத்தை யாரும் விளிம்பு என்பதில்லை. அது கூர், அல்லது பதம். 'கத்தி பதமாக இருக்கிறது' என்று சொல்கிறவர் வீட்டில்கூட, எழுத உட்கார்ந்தால் 'விளிம்பு' வந்துவிடுகிறது. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டுவதுதான் காரணம். இப்போது அந்த வேலையையும் இயந்திரம் செய்துதருவதால் ஒட்டுவது இன்னும் சுலபம்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. கிரிக்கெட்டில் 'எட்ஜ்' என்றால் பந்து மட்டையின் விளிம்பில் பட்டுப் போவது. அங்கே விளிம்பு மிகச் சரியான சொல், பல வருடங்களாகப் பழகியதும்கூட. விளையாட்டுப் பக்கத்தில் ஒருமுறை சரியாக வந்த சொல், பக்கத்து விளையாட்டுக்கும் சரியாக வரும் என்று யாரோ நம்பியிருக்க வேண்டும்.

வெறும் தவறாக மட்டும் இருந்தால் பரவாயில்லை. இந்தத் தவறு பொருளைத் தலைகீழாக்குகிறது. தமிழில் விளிம்பு என்ற சொல்லில் ஆபத்தும் ஒதுக்கமும் குடியிருக்கின்றன. தோல்வியின் விளிம்பு, அழிவின் விளிம்பு என்கிறோம். மையத்திலிருந்து தள்ளி வைக்கப்பட்டவர்களை விளிம்புநிலை மக்கள் என்கிறோம். அப்படியானால் விளிம்பை இழந்த அணி ஒதுக்கத்திலிருந்து மீண்டு நடுக்கூடத்துக்கு வந்த அணி, கொடுத்துவைத்த அணி! எட்டு வருடம் தொடர்ந்து அணிகளுக்கான பட்டம் வென்ற மெர்சிடிஸைப் பற்றியா இப்படிச் சொல்வது?

'பழகினால் சரியாகிவிடும், பேருந்தும் ஒரு காலத்தில் புதுச்சொல்தானே' என்று நண்பர் ஒருவர் வாதாடினார். பேருந்து காலி இருக்கையில் வந்து உட்கார்ந்த சொல். விளிம்பு என்ற இருக்கையிலோ ஏற்கெனவே ஆள் இருக்கிறது, அதுவும் எழுந்திருக்கிற ஆள் இல்லை.

விளிம்பு வேண்டாம் என்கிறவர்கள் வைக்கும் மாற்றுகளிலும் ஓட்டை உண்டு. 'போட்டித்தன்மையை இழந்தது' என்கிறார்கள். 2022 இல் மெர்சிடிஸ் ஒரே ஒரு பந்தயம்தான் வென்றது, பிரேசிலில் அதன் ஓட்டுநர் ஜார்ஜ் ரஸ்ஸல் வென்றது. ஆனாலும் அணிகளுக்கான பட்டியலில் (ஓட்டுநர்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு) மூன்றாம் இடம். மூன்றாவதாக வரும் அணிக்குப் போட்டித்தன்மை இல்லை என்றால் பத்தாவதாக வரும் அணிக்கு என்ன சொல்வது? 'முன்னிலையை இழந்தது' என்பது இன்னும் மோசம். 2024 இல் ரெட் புல்லின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் முதல் பந்தயத்திலிருந்து கடைசிப் பந்தயம்வரை ஓட்டுநர் பட்டியலில் முதலிடத்தை விடவே இல்லை. பட்டமும் அவருக்கே. ஆனால் முந்தைய ஆண்டு 22 பந்தயங்களில் 21 ஐ வென்ற அதே அணி, அந்த ஆண்டு அணிகள் பட்டியலில் மெக்லாரனுக்கும் ஃபெராரிக்கும் பின்னால் மூன்றாவதாக முடித்தது. ஓட்டுநரின் முன்னிலை அப்படியே இருக்க, அணியின் எட்ஜ் மட்டும் போயிருந்தது. இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

'ஆதிக்கம்' என்பதும் நிகராகாது. ஆதிக்கம் விளைவு, எட்ஜ் அதன் காரணம். காரணம் எவ்வளவு சின்னது என்றால், ஒரு சுற்றுக்கு 0.3 விநாடி. அறுபது சுற்று ஓடினால் அது 18 விநாடி. பார்க்கிறவர் கண்ணுக்கு அது ஆதிக்கம், கணக்குப் போடுகிறவருக்கு கண்ணிமைக்கும் நேரம். இந்தச் சின்ன அளவும், அது பக்கத்தில் இருப்பவனை வைத்தே அளக்கப்படுகிறது என்பதும் சொல்லுக்குள் இருக்க வேண்டும்.

என் முதல் தேர்வு 'கூர்' தான். கூர் மழுங்கியது. மூலச்சொல்லின் வாளும் வந்துவிடுகிறது, தமிழும் இடறவில்லை. பல மாதங்கள் இதையே பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் எந்த அணி எப்படித் தோற்றது என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தபோது பிடி தளர்ந்தது.

மெர்சிடிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 முதல் 2021 வரை கூர் குறையவில்லை. 2022 இல் விதி மாறியது. காரின் அடிப்பகுதி வழியாகக் காற்றை ஓடவிட்டுத் தரையோடு அழுத்தும் வடிவமைப்பு திரும்ப வந்தது. மெர்சிடிஸின் புதுக் கார் நேர்ப்பாதையில் தவளைபோலத் துள்ளியது. கத்தி மழுங்கவில்லை, வெட்ட வேண்டிய பொருள் மாறிவிட்டது. அதற்கு முன் ரெட் புல்லுக்கும் இதே கதை. 2010 முதல் 2013 வரை நான்கு பட்டங்கள். 2014 இல் விதி மாறி 1.6 லிட்டர் டர்போ ஹைப்ரிட் எஞ்சின் வந்தது, அவர்களுக்குக் கிடைத்த ரெனோ எஞ்சின் பின்தங்கியது, மெர்சிடிஸ் 19 பந்தயங்களில் 16 ஐ அள்ளியது.

ஃபெராரி 2004 இல் 18 பந்தயங்களில் 15 ஐ வென்றது. அடுத்த ஆண்டு, தகுதிச் சுற்றுக்கும் (தொடக்க வரிசையை முடிவுசெய்யும் ஓட்டம்) பந்தயத்துக்கும் ஒரே டயர்கள்தான் என்று விதி வந்தது. ஃபெராரியின் பிரிட்ஜ்ஸ்டோன் டயருக்கு அது ஒத்துவரவில்லை. அந்த ஆண்டு முழுக்க ஒரே வெற்றி. அதுவும் இண்டியானாபோலிஸில், மிச்சலின் டயர் அணிகள் எல்லாம் விலகிக்கொள்ள ஆறு கார்கள் மட்டும் ஓடிய பந்தயத்தில்! வில்லியம்ஸ் கதை வேறு மாதிரி. வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி மெக்லாரனுக்குப் போனார், 1997 முடிவில் எஞ்சின் கொடுத்துவந்த ரெனோவும் விலகியது, 1998 இல் வில்லியம்ஸுக்கு ஒரு வெற்றிகூட இல்லை. இங்கே சாணை பிடிக்கிற ஆளே போய்விட்டார். இதற்கு மட்டும் 'மழுங்கியது' ஓரளவு பொருந்தும்.

இப்போது விதிகளே முந்துகிறவனை இழுத்துப் பிடிக்கின்றன. 2021 முதல் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. காற்றுச் சுரங்கத்தில் (காரின் மாதிரிமீது காற்றை வீசிப் பார்க்கும் கூடம்) சோதிக்கும் நேரமும் அணிகள் பட்டியலில் பிடித்த இடத்துக்கு ஏற்ப அளந்துதான் கிடைக்கும். 2022 முதல், அடிப்படை அளவில் முதலிடத்துக்கு 70 சதவீதம், பத்தாம் இடத்துக்கு 115 சதவீதம். நீங்கள் மழுங்கவே வேண்டாம்; மற்றவர்களுக்குச் சாணைக்கல் அதிக நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான். 2024 இல் மெக்லாரன் மேலேறியதும் புதுப் பாகங்களைப் போட்டுப் போட்டுக் கூர்தீட்டியதால்தான்.

ஆகவே மழுங்கல் எல்லா இடத்துக்கும் ஆகாது. அது பழியை எப்போதும் தோற்றவன் தலையில் கட்டுகிறது. நமக்கு வேண்டியது இன்னொருவரோடு ஒப்பிட்டே நிற்கும் சொல். அது நம் வாயிலேயே இருக்கிறது: கை ஓங்குதல். என் கை ஓங்கியிருந்தால் எதிராளியின் கை கீழே இருக்கிறது என்று பொருள். யாரும் தனியாக நின்று கை ஓங்கியிருக்க முடியாது. ஏன் இறங்கியது என்று அது தீர்ப்பும் சொல்வதில்லை. ஓங்கிய கை இறங்கியது, எதிரணியின் கை ஓங்கியது என்று எழுதினால் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை.

'அது வினை, எங்களுக்குப் பெயர்ச்சொல் வேண்டும்' என்பார்கள் மொழிபெயர்ப்பாளர்கள். ஆங்கிலத்தில் பெயர் இருந்தால் தமிழிலும் பெயர்தான் நிற்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? 'வேகக் குறைபாட்டின் வெளிப்பாடு காணப்பட்டது' என்று எழுதுகிறார்கள். வண்டி மெதுவாகப் போனது, அவ்வளவுதானே சங்கதி. வினையை வினையாக விட்டால் பாதிச் சொல்லாக்கச் சண்டைகள் எழவே எழாது.

சரி, தலைப்புக்கும் அட்டவணைக்கும் பெயர் இல்லாமல் முடியாது என்றால் 'ஓங்குகை' என்று வையுங்கள். தொழிற்பெயராகப் பார்த்தால் ஓங்குதல். வினைத்தொகையாகப் பார்த்தால் ஓங்குகின்ற கை. இரண்டு வழியிலும் பொருள் வருகிறது, வல்லினமும் மிக வேண்டியதில்லை. 'ரெட் புல்லின் ஓங்குகை 2024 இன் நடுவில் போயிற்று' என்று எழுதிப் பார்த்தேன். கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது. 'கை இறங்கியது' என்பதையே திரும்ப எழுதிவிட்டேன்.