ஊசி போட்டால் மட்டும் சினை தேறாது

ஆடி மாதம் வந்தால் என் போன் ஓயாது. மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து, குளம் குட்டையெல்லாம் நிரம்பி, டெல்டாவில் மீன் வளர்க்கிற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் குஞ்சு தேடி அலைகிற நேரம் அது. அப்புறம் ஒரு பதினைந்து நாள் கழித்து அடுத்த சுற்று அழைப்புகள் வரும். "சார், ரெண்டு லட்சம் நுண்குஞ்சு விட்டேன், வலை போட்டுப் பாத்தா ஒரு கைப்பிடி தேறல. தண்ணியில ஏதோ கோளாறு, ஒரு நடை வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் பல நேரம் தண்ணீரில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. சாணம் போட்டு, குஞ்சுக்கு இரையாகிற நுண்ணுயிர் பெருகித் தண்ணீர் பச்சை பிடித்து, சோப்பும் எண்ணெயும் கலந்து தெளித்துப் பூச்சியைக் கொன்று, குஞ்சை முதலில் விட்டு வளர்க்கிற நாற்றங்கால் குளத்துக்கு என்னென்ன செய்ய வேண்டுமோ எல்லாம் செய்திருப்பார். குஞ்சு மட்டும் இல்லை.

கெண்டை மீன் குஞ்சு பொரிப்பகங்களோடுதான் என் வேலைக்காலம் முழுக்கப் போயிருக்கிறது. இந்த மாதிரிச் சாவுகளில் ஒரு பெரும்பங்கு உங்கள் குளத்தில் நடப்பதே இல்லை. ஆறு மாதம் முன்னால், தை மாசியில், குஞ்சு எடுப்பதற்கென்று யாரோ ஒருவர் வளர்க்கிற தாய்மீன் குளத்தில் அது முடிவாகிவிடுகிறது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் யார் காதிலும் ஏறவில்லை என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1957-ல் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி கெண்டை மீனுக்குப் பிட்யூட்டரிச் சாறு, அதாவது மீன் மூளைக்கு அடியில் இருக்கிற சுரப்பியின் சாறு, ஊசி போட்டு இனப்பெருக்கம் செய்ய வைத்தார். அந்த ஜூலை 10-ஐத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினம் என்று கொண்டாடுகிறோம். அதற்கு முன்னால் ஆற்றில் வெள்ளம் வரும்போது துணிவலை கட்டிப் பிடித்த குஞ்சுதான், அதில் எது கட்லா எது வேண்டாத மீன் என்று பிரிக்கவே முடியாது. ஆகவே ஊசியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் ஊசியோடு கூடவே ஒரு தப்பு நம்பிக்கையும் வந்து உட்கார்ந்துகொண்டது. மருந்து ஏற்றினால் சினை வந்துவிடும் என்று. ஏற்கெனவே முற்றி நிற்கிற சினையை இறக்கிவிடுவதுதான் ஊசியின் வேலை. சினைக்குள் இல்லாத சத்தை எந்த மருந்தாலும் கொண்டுபோய் வைக்க முடியாது.

சத்து எப்படிப் போகிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். தாய்மீனின் கல்லீரல் மஞ்சள்கருவுக்கான புரதத்தைத் தயாரிக்கிறது, அது இரத்தம் வழியாகப் போய் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் வேலை இல்லை, மாதக்கணக்கில் நடப்பது. கொழுப்பு அமிலங்கள், வைட்டமின் சி, வைட்டமின் ஈ எல்லாம் இந்த வழியில்தான் போகின்றன. முட்டை கருவுற்ற பிறகு நடக்கிற முதல் சில செல் பிரிவுகள்கூடத் தாய் உள்ளே வைத்து அனுப்பிய சரக்கை வைத்துத்தான் ஓடுகின்றன, கருவின் சொந்த மரபணுக்கள் அப்புறம்தான் விழித்துக்கொள்கின்றன. பொரிந்த குஞ்சுக்கு வாய் திறந்திருக்காது. ஏறக்குறைய மூன்று நாள் அது தின்பது வயிற்றில் ஒட்டியிருக்கிற மஞ்சள்கருப் பையை மட்டும்தான். தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது. சோறு குறைவாக இருந்தால் மூன்றாம் நாள் வாய் திறக்கும்போது இரையைத் துரத்திப் பிடிக்கத் தெம்பு இருக்காது. குளத்தில் எவ்வளவு தீனி மிதந்தாலும் பட்டினி கிடந்தே சாகும். அதைத்தான் நாம் தண்ணீர்க் கோளாறு என்கிறோம்.

நானும் இதில் ஒருமுறை அடிபட்டிருக்கிறேன். ஒரு தனியார் பண்ணை, பெயர் வேண்டாம். நாலரைக் கிலோ இருக்கும் ஒரு பெண் கட்லா, வயிறு இரண்டு பக்கமும் பானை மாதிரிப் புடைத்து, தடவினால் மெத்தென்று. "இது ஒண்ணே போதும் சார்" என்றார் பண்ணைக்காரர். எனக்கும் அப்படித்தான் பட்டது. கிலோவுக்கு அரை மில்லி கணக்கில் ஊசி போட்டு, ஆண் மீன்களோடு வட்டத் தொட்டியில் விட்டு, ராத்திரி முழுக்கத் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தோம். சாதாரணமாக 8 முதல் 12 மணி நேரத்தில் சினை இறங்கிவிடும், விடிந்து வெயில் ஏறியும் ஒன்றும் இல்லை. அந்த மீன் மறுநாள் செத்துப்போனது. வயிற்றைக் கீறிப் பார்த்தேன். குடலைச் சுற்றி விரல் கனத்துக்கு மெழுகு மாதிரி வெள்ளைக் கொழுப்பு. அதற்கு நடுவில் சினைப்பை இரண்டும் சுருண்டு கிடந்தன, உள்ளே நொய்யரிசி போல ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக முட்டைகள், சிலது மஞ்சள், சிலது வெளிறி. வருடம் முழுக்கத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் மட்டுமே மூட்டை மூட்டையாகக் கொட்டியிருக்கிறார்கள். மீன் கொழுத்தது, சினை கொழுக்கவில்லை.

அதிலிருந்து நான் வயிற்றை நம்புவதில்லை. மெல்லிய குழாயைச் சினைத்துளை வழியாக உள்ளே விட்டுக் கொஞ்சம் முட்டை எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்ப்பேன். எல்லாம் ஒரே அளவில், ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாக இருக்க வேண்டும். எத்தனால், ஃபார்மலின், அசிட்டிக் அமிலம் மூன்றையும் 6:3:1 என்று கலந்து அதில் முட்டையைப் போட்டால் சில நிமிடத்தில் தெளிந்து உள்ளே இருக்கிற உட்கரு (நியூக்ளியஸ்) தெரியும். உட்கரு நடுவிலேயே நின்றால் அந்த மீனைத் திருப்பிக் குளத்திலேயே விட்டுவிடுங்கள், நாள் ஆகவில்லை. பெரும்பாலான முட்டைகளில் ஓரத்துக்கு நகர்ந்திருந்தால் ஊசி போடலாம். ஐந்து நிமிட வேலை, பெரிய செலவும் கிடையாது, ஆனாலும் நான் போன பண்ணைகளில் இதைச் செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

தாய்மீன் தயாரிப்பு என்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். சீசனுக்கு மூன்று மாதம் முன்பே ஆணையும் பெண்ணையும் தனித்தனிக் குளத்தில் பிரித்துவிட வேண்டும், ஏக்கருக்கு 600 முதல் 800 கிலோவுக்கு மேல் வைக்கக்கூடாது, புரதம் 25 முதல் 30 சதவீதம் இருக்கிற தீவனத்தோடு மீன்தூள், மீன் எண்ணெய், வைட்டமின், தாது உப்பு எல்லாம் கொஞ்சமாவது சேர வேண்டும். புவனேசுவரத்தில் இருக்கிற மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் சிஃபாபுரூட் என்று தாய்மீனுக்கென்றே ஒரு தீவனம் கொண்டுவந்திருக்கிறது. கிடைக்காதவர்கள் நல்ல மிதவைத் தீவனத்தில் மேலே சொன்னதைக் கலந்துகூடக் கொடுக்கலாம், தீவனமே தராமல் விட்டுவிட்டு ஆனி மாதம் அவசர அவசரமாகக் கொட்டுவதுதான் வீண். கட்லாவுக்கு இன்னொன்று, அது மேல்தண்ணீரில் நுண்ணுயிரை வடிகட்டித் தின்கிற மீன், குளம் தெளிந்து கிடந்தால் மூட்டைத் தீவனத்தால் ஈடுகட்ட முடியாது.

ஊசி போட்ட பிறகும் கெடுக்க வழி இருக்கிறது. வயிற்றுக்குள் முட்டை உதிர்ந்துவிட்டால் அப்புறம் அது காத்திருக்காது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு மணி, ஒன்றரை மணி தாமதித்து வயிற்றை அமுக்கி முட்டையைப் பிழிந்தால்கூட முற்றிப்போய்க் கருவுறுதல் விழுந்துவிடும். கையால் பிழிகிறவர்கள் ராத்திரியில் "கொஞ்சம் கண்ணசந்துட்டேன்" என்று சொல்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் லட்சக்கணக்கான முட்டை போய்விடுகிறது. இன்னொரு தவறு, அவசரமாக எண்ணுவது. கருவுறாத முட்டையும் தண்ணீர் பட்டதும் உப்பிக் கண்ணாடி மாதிரிதான் தெரியும். முதல் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு "தொண்ணூறு சதவீதம் சார்" என்று சந்தோஷப்படுவார்கள். ஐந்தாறு மணி நேரம் பொறுத்து ஒரு நூறு முட்டையைத் தட்டில் எடுத்து எண்ணினால்தான் வெளுத்தது எத்தனை, உயிருள்ளது எத்தனை என்ற உண்மைக் கணக்கு கிடைக்கும். அப்போது உயிருள்ளது 60-க்குக் கீழே வந்தால் அந்தத் தொகுதியை விற்காதீர்கள் என்பது என் கட்சி. மிஞ்சிய நாற்பது ஐம்பது பொரிந்து நீந்தத்தான் செய்யும், ஆனால் அதே தாயின் அதே குறைச்சத்து முட்டைகள்தானே அவையும்.

தொட்டித் தண்ணீர் 27 முதல் 30 டிகிரி வரை இருந்தால் 14 முதல் 18 மணி நேரத்தில் பொரியும். அதற்கு மேல் சூடேறினால் நேரத்துக்கு முன்பே ஓடு உடைந்து, வால் வளைந்த குஞ்சுகள் வரும். தகரக் கூரை போட்ட பொரிப்பகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரே தாய்மீனை அந்தச் சீசனிலேயே இரண்டாம் தடவை சினை இறக்க வைப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முடியாது என்று இல்லை, நாற்பது ஐம்பது நாள் நல்ல தீவனம் கொடுத்தால் முடியும். கிராக்கி இருக்கிறதே என்று இருபது நாளில் மறுபடி ஊசியோடு நிற்பதுதான் பாவம். அதைவிட ஆழமான பிரச்சினை உறவுக் கலப்பு. பத்து மீனில் ஆரம்பித்து, அதன் பிள்ளைகளையே தாய்மீனாக்கி, அதன் பேரப்பிள்ளைகளையும் அப்படியே ஆக்கிக்கொண்டு போகிற பண்ணைகள் நிறைய. கர்நாடகப் பொரிப்பகங்களை வைத்து ஏக்நாத், டாயில் இருவரும் 1990-ல் வெளியிட்ட ஆய்வு, ஒரு தலைமுறைக்கு 2 முதல் 17 சதவீதம் வரை இந்தக் கலப்பு கூடுவதாகக் கணக்கிட்டது. வளர்ச்சி குறைவதும், குஞ்சு தேறாததும், ஊனம் கூடுவதும் அதன் பின்னால் வருகிறவை. தாய்மீனை அவ்வப்போது வெளியிலிருந்து, முடிந்தால் ஆற்று மீனிலிருந்து, மாற்றிக்கொள்ளாமல் இதற்கு வழி இல்லை.

சரி, குஞ்சு வாங்குகிறவர் என்ன செய்வது? போன வருடம் திருவாரூர்ப் பக்கம் ஒருவர் இதையேதான் கேட்டார், இரண்டு வருடம் தொடர்ந்து நஷ்டப்பட்டவர். "அண்ணே, போகும்போது வீட்டுலேருந்து ஒரு வெள்ளைப் பேசின் எடுத்துட்டுப் போங்க" என்றேன். ஒரு கை குஞ்சை அதில் ஊற்றி விரலால் தண்ணீரைச் சுழற்றிவிட வேண்டும். தெம்புள்ளது சுழலை எதிர்த்து ஓரத்தில் நீந்தும், தெம்பில்லாதது தண்ணீரோடு சுற்றிக்கொண்டே வந்து நடுவில் குவியும். வயிற்றில் மஞ்சள்பை இன்னும் தொங்கினால் இரண்டாம் நாளே விற்கிறார்கள் என்று அர்த்தம், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். அப்புறம் தாய்மீன் குளத்தைக் காட்டச் சொல்லுங்கள், என்ன தீவனம், எப்போது பிரித்தீர்கள், இது எத்தனையாவது ஊசி என்று கேளுங்கள் என்றேன். "கேட்டா கோவிச்சுக்குவாங்களே சார்" என்றார்.

கேட்டிருக்கிறார். முதல் பண்ணையில் நடுவில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் குஞ்சு குவிந்ததாம், அவர் பேசினைக் கவிழ்த்துவிட்டு நடையைக் கட்டியிருக்கிறார். இரண்டாவது பண்ணைக்காரர் அவரே குளக்கரைக்குக் கூட்டிப்போய், மூட்டையைப் பிரித்துத் தீவனத்தைக் காட்டினாராம். லட்சம் குஞ்சுக்கு நூற்றைம்பது ரூபாய் கூடுதல் விலை. ஆவணியில் அவர் குளத்தில் வலை இழுக்கும்போது நானும் போயிருந்தேன், விரல் நீளக் குஞ்சுகள் வலை மடியில் துள்ளுகிற சத்தம் கரை வரைக்கும் கேட்டது.