கடைக்காரரை ஏசுவதற்கு முன் உறையை வாசியுங்கள்

தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரையிடுவதும், பொதி செய்த சாமான்களின் நிறையைச் சோதிப்பதும் என் தொழில். திருகோணமலை நகரத்துக் கடைகளுக்கும் நிலாவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களுக்கும் போய்வருகிறேன். போகுமிடமெல்லாம் ஒரே முறைப்பாடு: "சேர், கடைக்காரன் நிறையில அடிக்கிறான்." சொல்பவரின் கையில் இருப்பதோ கம்பனியே ஒட்டி மூடி அனுப்பிய பக்கற். கடைக்காரர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதில் அவர் எப்படி நிறையைக் குறைக்க முடியும்?

உப்புவெளிப் பக்கத்திலிருந்து அண்மையில் வந்த ஓர் அக்காவின் கதையோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. தன் ஒழுங்கைக் கடையில் வருடக்கணக்காகக் கொப்பிக்கு வாங்குகிறவர். அந்த முதலாளியை நாலு பேர் முன்னால் ஏசி, அக்கம்பக்கத்துக்கும் சொல்லிவிட்டு, இரண்டு சவர்க்காரக் கட்டிகளோடு என்னிடம் வந்தார். ஒன்று அலுமாரிக்குள் கிடந்த பழையது, மற்றது புதிது. அதே நிறம், அதே நீளம், அதே படம். உறையைக் கழற்றிப் புதியதைக் கவிழ்த்தேன். அடிப்பக்கம் உள்நோக்கிக் குழிந்திருந்தது. பழையதில் அந்தக் குழி இல்லை. பிறகு உறையை விரித்தேன். தாள் மடிந்து ஒட்டியிருந்த ஓரத்தில், நகநுனி அளவு எழுத்தில், "தேறிய நிறை 85 கி." பழைய உறையில் அதே இடத்தில் 100 கி. புதியதைத் தராசில் வைத்தேன், உறையில் போட்டிருந்தபடியே சரியாக இருந்தது.

"அப்ப நான் அந்த மனுசனை ஏசினது?" என்றார்.

அதற்கு நான் என்ன பதில் சொல்வது? ஏச்சு வாங்கியவருக்கும் பக்கற் அந்த அளவில்தான் வந்தது. அவர் வீட்டிலும் அந்தச் சவர்க்காரம்தான் கரைகிறது.

(ஒரு தொழில் விடயத்தையும் இடையில் சொல்லிவிடுகிறேன். சவர்க்காரம் காயக் காய ஈரம் போய் நிறை குறையும். பல மாதம் அலுமாரியில் கிடந்த கட்டியை நிறுத்துவிட்டு "100 இல்லை, 96தான்" என்று என்னிடம் வராதீர்கள்.)

இனி, என்னை மிகவும் சினமூட்டும் நம்பிக்கைக்கு வருகிறேன். "விலை ஏறவில்லைதானே, பத்துப் பதினைஞ்சு கிராம்தானே குறைஞ்சிருக்கு" என்கிறார்கள். படித்தவர்களும் சொல்கிறார்கள். தயவுசெய்து இந்தக் கணக்கை ஒரு தரம் செய்து பாருங்கள். 100 கிராம் பிஸ்கட் பக்கற் 150 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அது 85 கிராம் ஆகிறது, விலை அதே 150. 150ஐ 85ஆல் பிரித்து 100ஆல் பெருக்கினால் 176 ரூபா 47 சதம். அதாவது 100 கிராமின் விலை 150இலிருந்து 176 ஆகிவிட்டது. 15 கிராம் குறைந்ததால் 15 சதவீதம் ஏறியதாக நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன், ஏற்றம் 17.6 சதவீதம். குறைந்துபோன 15 கிராமை நீங்கள் திரும்ப வாங்க வேண்டியது இந்தப் புதிய விலையில்தான், பழைய விலையில் அல்ல. பாதியாகக் குறைந்தால் விலை இரண்டு மடங்கு. விலை ஏறியது. மட்டைப் பெட்டியில் அச்சிட்ட ரூபா மட்டும் மாறவில்லை.

கம்பனி 150ஐ 176 ஆக்கியிருந்தால் சனம் கேள்வி கேட்டிருக்கும், வேறு பிஸ்கட் தேடியிருக்கும். அளவைக் குறைத்தால் யாரும் கேட்பதில்லை. அதற்காகத்தான் குறைக்கிறார்கள்.

இதேபோல "25 சதவீதம் மேலதிகம்" என்ற மஞ்சள் பட்டி. எதிலிருந்து மேலதிகம்? 100 கிராமை 80 ஆக்கிச் சில மாதம் விற்ற பிறகு 80க்கு மேல் 25 சதவீதம் கொடுத்தால் அது பழைய 100தான். பட்டியைப் பார்க்காமல் கிராமைப் பாருங்கள்.

அலகை மாற்றுவது இன்னொரு வழி. 2021இல் 18 லீற்றர் எரிவாயு சிலிண்டர் சந்தைக்கு வந்தது பலருக்கு நினைவிருக்கும். அப்போது 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபா, 18 லீற்றர் சிலிண்டர் 1,395 ரூபா. 12.5ஐ விட 18 பெரிய எண், விலையும் கிட்டத்தட்ட நூறு ரூபா குறைவு. லாபம் என்று வாங்கியவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருந்த வாயு 9.18 கிலோ. கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் பழையது ஏறத்தாழ 119 ரூபா, புதியது 152 ரூபா. லீற்றரும் கிலோவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எண்ணைப் பார்த்துத் தீர்மானிக்கவே கூடாது.

தேங்காய் எண்ணெயில் இது தினமும் நடக்கிறது. ஒரு லீற்றர் தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 920 கிராம்தான் நிறை வரும். ஒரு கடையில் லீற்றர் 900 ரூபா, பக்கத்துக் கடையில் கிலோ 950 ரூபா என்றால் எது மலிவு? கிலோதான். 950ஐ 0.92ஆல் பெருக்கிப் பாருங்கள், லீற்றருக்கு 874 ரூபா வரும். இது போதாதென்று நம் ஊரில் "ஒரு போத்தல் எண்ணெய்" என்று கேட்கும் பழக்கம். போத்தல் என்றால் 750 மில்லிலீற்றர் என்பது வழக்கம். ஆனால் கடையில் நிற்பது எந்தப் போத்தல்? 700 போத்தலும் இருக்கிறது, 625 பியர்ப் போத்தலும் இருக்கிறது. நிற்க வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மில்லிலீற்றர் எவ்வளவு என்று வாயைத் திறந்து கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

பாணுக்கு மட்டும் நிலைமை வேறு. ஒரு றாத்தல் பாண் 450 கிராம், அரை றாத்தல் 225 கிராம் என்று 2024இல் வர்த்தமானியில் போட்டிருக்கிறார்கள். 450இல் 13.5 கிராம் வரை குறையலாம், அதற்குக் கீழே போகக் கூடாது. நாட்டுக்கே மா அரைக்கும் ஆலை சீனக்குடாவில் இருக்க, இங்கே நாம் எடை குறைந்த பாணை வாங்கிக்கொண்டு பேசாமல் போகிறோம். பாண் மெலிந்ததாகத் தெரிந்தால் கடையிலேயே நிறுக்கச் சொல்லுங்கள். இது நியாயமான சண்டை, இதைப் பிடியுங்கள்.

கடைக்குப் போகும்போது செய்ய வேண்டியது அதிகமில்லை. கைத்தொலைபேசியில் கணக்குப் போடும் வசதி இருக்கிறது. விலையைக் கிராமால் பிரித்து 100ஆல் பெருக்குங்கள். பெரிய பக்கற் எப்போதும் மலிவு என்று நம்பி எடுக்காதீர்கள், சில வேளை சின்னது இரண்டு எடுப்பது லாபம். மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுச் சாமான் வாங்கப் போகாதீர்கள். அடிக்கடி வாங்கும் ஏழெட்டுச் சாமான்களின் கிராமைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். "புதிய தோற்றம்" என்று உறை மாறினால் உடனே எடுத்துப் பாருங்கள். அம்மா தந்த பட்டியலோடு வரும் பிள்ளைகளுக்கும் இந்த எண்ணை எங்கே தேடுவது என்று காட்டிக்கொடுங்கள்.

நாட்கூலிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இதெல்லாம் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. கையில் அன்றைக்கு இருப்பது இருநூறு ரூபா என்றால் பால்மாவும் தேயிலையும் சின்னப் பக்கற்றில்தான் வாங்க முடியும். கிராமுக்கு மிகக் கூடுதலாகக் கொடுப்பவர்கள் அவர்கள்தான். ஒரே ஒழுங்கையில் இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒரு பெரிய பக்கற்றை வாங்கிப் பிரித்துக்கொள்ள முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். சாம்பல்தீவுப் பக்கம் அப்படிச் செய்யும் வீடுகளைக் கண்டிருக்கிறேன்.

கடை நடத்தும் அண்ணன்மாரே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பிரான்சில் 2024 ஜூலையிலிருந்து, அளவு குறைந்த பொருளுக்குப் பக்கத்தில் அதை இரண்டு மாதம் எழுதி ஒட்டப் பெரிய கடைகளுக்குச் சட்டம் இருக்கிறது. உங்கள் தட்டில் ஒரு மட்டைத் துண்டில் "முன்பு 100, இப்போது 85" என்று நீங்களாகவே எழுதி வைத்தால் ஏச்சு உங்களுக்கு வராது.

குறைத்த அளவை உறையில் ஒழுங்காக அச்சிட்டு விற்பது குற்றமல்ல. அதில் நான் கைவைக்க முடியாது. உறையில் 500 கிராம் என்று போட்டு உள்ளே 460 இருந்தால் அது குற்றம். கடையிலேயே பொலித்தீனில் கட்டி வைத்த அரைக் கிலோ பருப்பும் சீனியும் குறைந்தாலும் அப்படித்தான். தடித்த கடதாசிப் பையோடு சேர்த்து நிறுப்பதும், இவ்வருட முத்திரை இல்லாத தராசில் நிறுப்பதும் இதில் சேரும். இவற்றை விடாதீர்கள். 1977க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குச் சொல்லலாம். எழுத்தில் முறைப்பாடு கொடுப்பதென்றால் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கேட்டால் தர வேண்டியது கடைக்காரரின் கடமை. பக்கற்றைத் திறக்காமல் கொண்டுவாருங்கள். பாதி சாப்பிட்டு மீதியைச் சுருட்டிக் கொண்டுவந்தால் நானும் ஒன்றும் செய்ய முடியாது.