பயிற்சிப் பதிவு யாருக்காக? தொழிலகப் பாதுகாப்புப் பயிற்சியை இணையவழியில் நடத்துவோர் கவனத்திற்கு

தொழிற்சாலையில் ஒரு விபத்து நிகழ்ந்தால், காயம்பட்டவர் மருத்துவமனையைச் சென்றடைவதற்கு முன்பாகவே அலுவலகத்தில் தேடப்படும் முதல் ஆவணம் அவருடைய பயிற்சிப் பதிவுதான். அது கையெழுத்துடன் கிடைத்துவிட்டால் நிர்வாகம் நிம்மதியடைகிறது. "உரிய பயிற்சி அளிக்கப்பட்டிருந்தும் தொழிலாளி கவனக்குறைவாக நடந்துகொண்டார்" என்று விசாரணை அறிக்கையில் எழுதிவிட அந்த ஒரு தாளே போதுமானதாகிவிடுகிறது. தொழிலாளியைக் காப்பதற்காக ஏற்பட்ட பதிவு அவர் மீதே குற்றம் சுமத்தும் சான்றாக மாறுவதைப் பாதுகாப்பு அலுவலர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். பயிற்சியும் பதிவும் கைப்பேசிக்கும் கணினிக்கும் மாறிவரும் இந்நாட்களில் இந்த ஆபத்து கூடியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன். தாளில் கையெழுத்து வாங்கிய காலத்தில், பெயரளவுக்காவது ஆட்களை ஓர் அறையில் கூட்ட வேண்டியிருந்தது. இன்று ஒரு ஷிப்டில் உள்ள அத்தனை பேரும் பயிற்சி முடித்துவிட்டதாக ஒரே ஒருவர் ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி பதிவேற்றிவிட முடியும்.

பயிற்சி பெறுவது தொழிலாளியின் உரிமை என்பதை நம் சட்டம் பெரும் விலை கொடுத்த பிறகே எழுதிக்கொண்டது. 1984 டிசம்பரில் போபாலில் நிகழ்ந்த நச்சுவாயுக் கசிவுக்குப் பின்னர், 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அப்போது சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவு, தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகிய நான்கையும் அளிப்பதை ஆலையை நடத்துபவரின் கடமையாக்கியது. அதே திருத்தத்தில் வந்த 111ஏ பிரிவு, தன் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறவும், இயன்றவரை ஆலைக்குள்ளேயே பயிற்சி பெறவும், பாதுகாப்பு ஏற்பாடு போதவில்லையென்றால் ஆய்வாளரிடம் நேரடியாக முறையிடவும் தொழிலாளிக்கு உரிமை அளித்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டமும் பயிற்சியை வேலையளிப்பவரின் கடமைகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

இவற்றையெல்லாம் விட நான் முக்கியமாகக் கருதுவது, தொழிற்சாலைகள் சட்டத்தில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் பழைய 22ஆம் பிரிவை. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் அருகே சென்று அதைச் சோதிக்கவோ அதற்கு எண்ணெயிடவோ வேண்டியிருந்தால், அதற்கென்றே தனிப் பயிற்சி பெற்ற, உடலோடு ஒட்டிய ஆடை அணிந்த, பதிவேட்டில் பெயர் எழுதப்பட்ட தொழிலாளி மட்டுமே அதைச் செய்யலாம் என்று அது விதித்தது. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அந்த இயந்திரத்தின் பக்கம் போகக் கூடாது என்பதுதான் அதன் பொருள். பதிவு வேலைக்கு முன்னால் நின்றது. ஆளை அனுமதிக்கவும் தடுக்கவும் அதற்கு அதிகாரம் இருந்தது. இன்றைய மென்பொருள்கள் பலவற்றில் பதிவு வேலைக்குப் பின்னால் நிற்கிறது. மாத இறுதியில் எத்தனை விழுக்காட்டினர் பயிற்சி முடித்தார்கள் என்று வண்ணப் படம் வரைந்து காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

இதன் விளைவை, உலோகத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பவர் பிரஸ் ஓடும் கூடங்களில் தெளிவாகப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், அம்பத்தூர் என்று வாகன உதிரிபாகம் செய்யும் இடங்களிலெல்லாம் பிரஸ் உண்டு. பிரஸ் உள்ள இடத்திலெல்லாம் விரல் இழந்தவர்களும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே பிரஸ்தான். உள்ளுக்குள் அவை இரண்டு வகை. பழைய கீ கிளட்ச் பிரஸ்ஸில் பெடலை மிதித்ததும் கிளட்ச், சுழன்றுகொண்டிருக்கும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலோடு பூட்டிக்கொள்ளும். ராம் என்னும் அழுத்தும் பகுதி கீழே இறங்கி மேலே ஏறி, ஒரு முழுச் சுற்றை முடிக்கும்வரை அதை எதனாலும் நிறுத்த முடியாது. காற்றழுத்தத்தால் இயங்கும் நியூமேட்டிக் கிளட்ச் உள்ள பிரஸ்ஸை நடுவழியிலும் நிறுத்தலாம். லைட் கர்ட்டன் என்னும் ஒளித்திரை இந்த இரண்டாம் வகையில் மட்டுமே பயன் தரும். கை குறுக்கே போனதைத் திரை உணர்ந்தாலும், நிறுத்த முடியாத பிரஸ் அதைக் கேட்கப்போவதில்லை.

இப்போது ஒரு பெரிய நிறுவனம், தனக்கு உதிரிபாகம் வழங்கும் எல்லா ஆலைகளுக்கும் ஒரே பயிற்சிக் காணொளியை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் புதிய பிரஸ்ஸும், ஒளித்திரையும், கை நுழைந்ததும் நின்றுவிடும் ராமும் அழகாகக் காட்டப்படுகின்றன. கீ கிளட்ச் பிரஸ்ஸில் வேலை செய்யும் தொழிலாளி அதைப் பார்த்துவிட்டு, எல்லாக் கேள்விகளுக்கும் சரியாக விடையளித்து, சான்றிதழும் பெறுகிறார். அவருக்குக் கிடைத்தது அவருடைய பிரஸ்ஸுக்குப் பொருந்தாத நம்பிக்கை. தேய்ந்த கீயினாலோ தளர்ந்த பிரேக்கினாலோ பெடலை மிதிக்காமலேயே ராம் மறுமுறை இறங்கக்கூடும் என்பதையும், வடிவம் தரும் அச்சான டைக்குள் சிக்கிய தகட்டைக் கையால் எடுக்காமல் டாங்ஸ் என்னும் இடுக்கியால் எடுக்க வேண்டும் என்பதையும், டை மாற்றும்போது மோட்டாரை நிறுத்தினாலும் ஃப்ளைவீல் சற்று நேரம் சுழன்றுகொண்டே இருக்கும் என்பதையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. பதிவு மட்டும் பச்சை நிறத்தில் மின்னிக்கொண்டிருக்கிறது. பயிற்சியே இல்லாதவர் அஞ்சி ஒதுங்கி நிற்பார். தவறான பயிற்சி பெற்றவர் துணிந்து கையை உள்ளே நீட்டுவார். ஆகவேதான், எந்த இயந்திரத்தில், அதன் எந்த எண்ணில் பயிற்சி தரப்பட்டது என்ற விவரம் இல்லாத பதிவைப் பதிவு என்று ஏற்கவே கூடாது என்கிறேன்.

கோயம்புத்தூரின் வார்ப்பாலைகளிலும் இதே கதைதான். மின்சாரத்தால் உலோகத்தை உருக்கும் இண்டக்‌ஷன் உலையில் போடும் பழைய இரும்பில் ஈரமிருந்தாலோ, இரு முனையும் அடைபட்ட குழாய் இருந்தாலோ, உருகிய உலோகம் வெடித்துச் சிதறும். "ஈரமான இரும்பை உலையில் போடலாமா?" என்று கைப்பேசியில் கேட்டால் எவரும் "கூடாது" என்று தொட்டுவிடுவார். அந்த ஆலையின் யார்டிலேயே எடுத்த படங்களைக் காட்டி, இவற்றுள் எதை ஒதுக்குவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கழுவிய தகட்டின் மடிப்பில் நிற்கும் நீரைக் கண்டுபிடிப்பவர் யார், தவறவிடுபவர் யார் என்பது அப்போதுதான் தெரியும். இணையவழிப் பயிற்சியின் உண்மையான வலிமை இங்கேதான் இருக்கிறது. தங்கள் கூடத்தின் படங்களை, தங்கள் இயந்திரத்தின் சத்தத்தை, நேற்று மயிரிழையில் தப்பிய விபத்தை (நியர் மிஸ்) இன்றே பாடமாக்க முடியும். வெளியில் விலைக்கு வாங்கிய பொதுவான பாடங்களை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஆலைகள் இந்த வலிமையைப் பயன்படுத்தாமலேயே வீணாக்குகின்றன.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழகத்து ஆலைகளில் இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். இந்தியில் ஒரு காணொளி இருந்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் ஒடிசாவின் உட்புற மாவட்டத்திலிருந்து வந்த இளைஞருக்கு இந்தி இரண்டாவது மொழியோ மூன்றாவது மொழியோதான். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வேலை போய்விடுமோ என்ற அச்சமும் அந்தத் தலையாட்டலில் கலந்திருக்கிறது. பதிவில் பயிற்சியின் மொழி ஒரு கட்டாயப் புலமாக இருக்க வேண்டும். அது தொழிலாளி தாமே தெரிவு செய்த மொழியாகவும் இருக்க வேண்டும். எழுத வாசிக்கச் சிரமப்படுவோருக்குக் கேள்வி ஒலியிலும் விடை படத்திலும் அமைய வேண்டும். அதற்கு ஆகும் செலவு பெரிதன்று. அந்தந்த மொழி பேசும் அனுபவசாலித் தொழிலாளி ஒருவரின் குரலை அங்கேயே பதிவு செய்துகொள்ளலாம். வெளியாளின் தூய மொழியைவிட அவருடைய பேச்சே நன்றாகப் போய்ச் சேரும்.

காணொளியும் கேள்வியும் பயிற்சியின் முதல் பாதிதான். மறு பாதி இயந்திரத்தின் முன் நடக்க வேண்டும். தொழிலாளி எமர்ஜென்சி ஸ்டாப்பைத் தேடாமல் தொட்டுக் காட்ட வேண்டும். பராமரிப்புப் பணியாளர் மின்சாரத்தைத் துண்டித்து, தன் பூட்டைப் போட்டு, பிறகு ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி இயந்திரம் ஓடவில்லை என்பதை உறுதி செய்து காட்ட வேண்டும். இதைப் பார்த்தவர் யார், எந்தத் தேதியில், எந்த ஷிப்டில் பார்த்தார், எந்தப் படியில் தொழிலாளி தயங்கினார் என்று குறித்தால்தான் பதிவு நிறைவடையும். தயக்கத்தைக் குறிப்பதற்கு இடமே இல்லாமல் "தேர்ச்சி" என்ற ஒரே கட்டத்தை மட்டும் வைத்திருக்கும் படிவத்தை நான் நம்புவதில்லை. அனைவரும் நூற்றுக்கு நூறு எடுத்திருந்தால், அனைவரும் ஒரே நிமிடத்தில் தேர்வை முடித்திருந்தால், சூப்பர்வைசரின் கைப்பேசி ஒன்றே கை மாறியிருக்கிறது என்று பொருள். மென்பொருள் தரும் நேரக் குறிப்பைப் பாதுகாப்பு அலுவலர் வாரத்துக்கு ஒருமுறையாவது நேரில் பார்த்தால் இது எளிதில் பிடிபடும்.

ஒப்பந்தத் தொழிலாளர்களின் பதிவுகளில்தான் குழப்பம் அதிகம். கான்ட்ராக்டர் மாறினால் டோக்கன் எண் மாறுகிறது. வேலையை விட்டுப் போனவரின் எண் புதிதாக வந்தவருக்குத் தரப்படுகிறது. முன்னவரின் பயிற்சியும் அதோடு சேர்ந்து பின்னவரின் கணக்கில் ஏறிவிடுகிறது. ஆலை மாறினாலும் மாறாத இஎஸ்ஐ காப்பீட்டு எண்ணை அடையாளமாகக் கொண்டால் இந்தக் குழப்பம் தீரும். ஆதார் எண்ணையும் அட்டையின் நகலையும் பயிற்சிக் கோப்பில் சேர்த்து வைத்து வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். பயிற்சிக்குத் தேவைப்படாத தனிநபர் விவரத்தைச் சேர்த்து வைப்பதே தவறு. தொழிலாளிக்கு அவருடைய பதிவின் நகல் அவர் மொழியில் கிடைக்க வேண்டும். அது அவர் கையில் இருந்தால், தாம் பெறாத பயிற்சியைப் பெற்றதாக எழுதியிருப்பதை அவரே சுட்டிக்காட்ட முடியும்.

சத் பூஜைக்கோ அறுவடைக்கோ ஊருக்குப் போய்த் திரும்புபவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீண்ட விடுப்புக்குப் பின் திரும்பி வருபவர் பெரும்பாலும் பழைய இயந்திரத்துக்குப் போவதில்லை. ஆள் குறையும் இடத்தில் நிறுத்தப்படுகிறார். பதிவு ஓராண்டுக்குச் செல்லும் என்று மென்பொருள் காட்டிக்கொண்டிருக்கும். இயந்திரம் மாறினாலும், டை மாறினாலும், புதிய ரசாயனம் வந்தாலும், நீண்ட இடைவெளி விழுந்தாலும், அந்தக் கூடத்தில் ஒரு விபத்து நடந்தாலும் பழைய பதிவு தானாகவே செல்லாததாகிவிடும்படி அமைக்க வேண்டும். வருகைப்பதிவு மென்பொருளோடு இதை இணைத்துவிட்டால், தகுதியில்லாதவர் பெயர் அன்றைய வேலைப் பட்டியலில் ஏறும்போதே சூப்பர்வைசருக்கு எச்சரிக்கை வந்துவிடும். பழைய 22ஆம் பிரிவு கேட்டது இதைத்தான்.

நீதிமன்றத்திலும் விசாரணையிலும் மின்னணுப் பதிவு நிற்குமா என்று நிர்வாகத்தினர் கேட்பதுண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதிநியம் என்னும் சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணம் சான்றாக ஏற்கப்படும். ஆனால் அதற்குரிய சான்றிதழுடனும், கோப்பு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் ஹாஷ் மதிப்புடனும் அது முன்வைக்கப்பட வேண்டும். யாரும் எப்போதும் திருத்தக்கூடிய எக்செல் தாளை நம்பியிருப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பயிற்சி நடந்த தேதியும், அது கணினியில் ஏற்றப்பட்ட தேதியும் தனித்தனியே பதிவாக வேண்டும். பிழையைத் திருத்தினால் பழைய வரி அழியாமல் திருத்தியவர் பெயரோடு கீழே தொடர வேண்டும். விபத்துக்கு மறுநாள் ஏற்றப்பட்ட முந்தைய மாதத்துப் பயிற்சி எப்படிப்பட்டது என்பதைப் படிப்பவர் உடனே புரிந்துகொள்வார்.

பயிற்சியை ஷிப்ட் முடிந்த பிறகு விடுதியில், தொழிலாளியின் சொந்தக் கைப்பேசியில், அவருடைய சொந்த டேட்டாவில் பார்க்கச் சொல்வது நியாயமன்று. பாதுகாப்பு நடவடிக்கைகளுக்காகத் தொழிலாளிக்கு எந்தச் செலவும் நேரக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை கூறுகிறது. பயிற்சி நேரம் வேலை நேரமே. பத்து மணிநேரம் நின்று உழைத்தவரின் கண்ணில் அந்தக் காணொளி எவ்வளவு ஏறும் என்பதையும் நாம் சிந்திக்க வேண்டும்.

புதிய தொகுப்புச் சட்டத்தின்படி 500 தொழிலாளர்களும், அபாயகரமான செயல்முறை உள்ள இடத்தில் 250 தொழிலாளர்களும் இருந்தால்தான் ஆலையில் பாதுகாப்பு அலுவலர் கட்டாயம். முன்பு 1,000 ஆக இருந்த வரம்பு குறைந்திருப்பது நல்ல மாற்றம். எனினும் பத்து பிரஸ் வைத்திருக்கும் சிறு பட்டறைக்கு இன்றும் அப்படியொருவர் இல்லை. ஒரே தொழிற்பேட்டையில் உள்ள சிறு ஆலைகள் சேர்ந்து, தங்கள் வகை இயந்திரங்களுக்கான பாடங்களை உருவாக்கி, ஒரு பயிற்சியாளரைப் பகிர்ந்துகொள்ளலாம். பெரிய மென்பொருள் தேவையில்லை. ஒரு கூகுள் படிவமும், செய்து காட்டுவதை எடுத்த அரை நிமிடக் காணொளியும், அதைப் பார்த்து ஒப்பமிட ஒரு மூத்த தொழிலாளியும் போதும். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: பிரஸ்ஸுக்குக் கை நுழையாதபடி பாதுகாப்புத் தடுப்பு போடாமல் ஆளுக்குப் பயிற்சி போடுவதை எந்தப் பதிவும் ஈடுசெய்யாது. பெரும்பாலானோர் ஒரே கேள்வியில் தவறுகிறார்கள் என்று பதிவு காட்டினால், முதலில் அந்த இயந்திரத்தைப் போய்ப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஆலையின் பதிவு மெய்யானதா என்று அறிய விரும்பினால், இந்த வாரம் இரவு ஷிப்டில் அதிலிருந்து ஒரு பெயரைத் தெரிவு செய்து, அவர் நிற்கும் இயந்திரத்துக்கு நேரே செல்லுங்கள். பதிவு சொல்லும் இயந்திரத்தில்தான் அவர் நிற்கிறாரா என்று பாருங்கள். வேலையை நிறுத்தச் செய்து, அவசரத்தில் என்ன செய்வீர்கள் என்று அவர் மொழி அறிந்த ஒருவரைக் கொண்டு கேட்டு, செய்து காட்டச் சொல்லுங்கள். அவரால் முடியவில்லையென்றால் அவரைக் கடிந்துகொள்ளாமல், அந்த வேலையிலிருந்து விலக்கி, பயிற்சி போதவில்லை என்று அன்றைய தேதியிட்டு உங்கள் பெயரோடு அதே பதிவில் எழுதுங்கள்.