ஒரு ஃபங்ஷன், இரண்டு விடைகள்

17-ஐ 5-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 2. கணக்கு ஒன்று, விடை இரண்டு. இதற்கு ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல் பகுதி) எழுதச் சொன்னால், நிரல் எழுதப் புதிதாகக் கற்பவர்கள் பலர் விடையைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் வரிகள் இரண்டை அடுத்தடுத்து எழுதிவிடுகிறார்கள். முதல் ரிட்டர்னோடு ஃபங்ஷன் முடிந்துவிடும். இரண்டாவது வரி இயங்கவே இயங்காது. பைத்தான் மொழியில் அதற்குப் பிழைச் செய்தியும் வராது.

செய்ய வேண்டியது எளிது: ஒரே ரிட்டர்னில் ஈவையும் மீதியையும் காற்புள்ளியிட்டு எழுதினால் போதும். பார்ப்பதற்கு இரண்டு மதிப்புகள் வெளியே வருவதுபோல் இருக்கும். வருவதென்னவோ ஒன்றுதான்: இரண்டையும் சேர்த்துக் கட்டிய ஒரு டியூப்பிள். அதை உருவாக்குவது அடைப்புக்குறி அல்ல, காற்புள்ளி. ஒற்றை மதிப்பின் பின்னால் தவறிப்போய் ஒரு காற்புள்ளி விழுந்தாலும், எண் வரவேண்டிய இடத்தில் ஓர் உறுப்புள்ள டியூப்பிள் வந்து நிற்பது இதனால்தான்.

ஃபங்ஷனை அழைக்கும் இடத்தில், சமக்குறிக்கு இடப்பக்கம் இரண்டு மாறிகளை வைத்தால் அந்தக் கட்டு பிரிந்து வரிசைப்படி அவற்றில் சேரும். மூன்று மாறிகளை வைத்தால் பைத்தான் உடனே வேல்யூ எரர் என்ற பிழையைக் காட்டும். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மாறிகளை இடம் மாற்றி எழுதினால் ஈவுக்கான மாறியில் மீதி போய் உட்காரும். இரண்டும் எண்கள் என்பதால் நிரல் தடங்கலின்றி ஓடும், விடை மட்டும் தப்பாக வரும். மூன்றுக்கு மேல் மதிப்புகளைத் திருப்ப நேர்ந்தால் வரிசையை நம்பாதீர்கள். நேம்டு டியூப்பிளோ டேட்டா கிளாஸோ பயன்படுத்தி ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுங்கள்.

சி மொழி இதைத்தான் நெடுங்காலமாகச் செய்கிறது. அதன் ஃபங்ஷன் ஒரு மதிப்பைத்தான் திருப்பும்; ஆகவே அதன் நிலையான நூலகத்திலுள்ள 'டிவ்' ஃபங்ஷன், ஈவு, மீதி என்ற இரண்டு பெயருள்ள உறுப்புகள் கொண்ட ஸ்ட்ரக்ட் ஒன்றைத் தருகிறது. வியப்பு என்னவென்றால், பல கணினிகளில் உள்ள எக்ஸ்86 வகை பிராசசரின் வகுத்தல் கட்டளை ஈவை ஒரு ரெஜிஸ்டரிலும் (பிராசசருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) மீதியை இன்னொன்றிலும் ஒரே நேரத்தில் வைத்துவிடுகிறது. 'விடை ஒன்றுதான்' என்ற கட்டுப்பாடு வன்பொருளில் இல்லை, மொழியின் விதியில் இருக்கிறது.

2009-இல் வெளியான கோ மொழி அந்த விதியைத் தளர்த்தியது. அதில் டியூப்பிள் இல்லாமலே ஃபங்ஷன் பல மதிப்புகளைத் திருப்பும். பெரும்பாலும் முதலில் விடை, கடைசியில் பிழை நேர்ந்ததா என்ற தகவல். விடையை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தத் தகவல் வேண்டாமென்றால் அதன் இடத்தில் அடிக்கோடு ஒன்றைப் போட்டு, வேண்டாம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.