‘புரிந்ததா?’ என்ற கேள்விக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்

2020 ஜூலையில் என் முதல் இணையவழி வகுப்பில் 62 மாணவர்கள் இருந்தார்கள். திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயரின் முதலெழுத்து. தேவை நெகிழ்ச்சியைப் பற்றி, அதாவது விலை மாறும்போது மக்கள் வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதைப் பற்றி, நாற்பது நிமிடம் பேசிவிட்டு, “எல்லோருக்கும் புரிந்ததா?” என்று கேட்டேன். சாட் பகுதியில் ஏழெட்டுப் பேர் “யெஸ் சார்” என்று எழுதினார்கள். அடுத்த வாரம் வைத்த சிறு தேர்வில் பாதிப் பேருக்கு மேல் வரையறையே தெரியவில்லை. அன்று மாணவர்கள் மீது எனக்குக் கடுங்கோபம் வந்தது. இப்போது நினைத்தால் நான் கேட்ட கேள்வி மீதுதான் கோபம் வருகிறது.

கல்லூரியில் பொருளியல் கற்பிக்கிறேன். பெருந்தொற்று ஓய்ந்த பிறகும் வார இறுதிகளில் தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்கு இணையத்தில் வகுப்பெடுக்கிறேன். ‘ஆன்லைனில் பிள்ளைகள் பேசவே மாட்டார்கள்’ என்று சக ஆசிரியர்கள் அலுத்துக்கொள்வதை இன்றும் கேட்கிறேன். அவர்கள் பேசுவார்கள். பேசுவதற்கு நாம் இடம் வைத்திருக்கிறோமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

“புரிந்ததா?” என்று கேட்டால் “ஆம்” என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல முடியாது. அறுபது பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது “எனக்குப் புரியவில்லை” என்று தனி ஆளாக மைக்கைத் திறந்து சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? நேர் வகுப்பிலாவது முகம் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே அதுவும் இல்லை. ஆகவே கேள்வியை மாற்றினேன். “உங்கள் ஊரில் தக்காளி இன்று கிலோ என்ன விலை? விலை இரண்டு மடங்கானால் உங்கள் வீட்டில் எதைக் குறைப்பார்கள், எதைக் குறைக்கவே மாட்டார்கள்?” இதற்குப் பாடப்புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு பதில் இருக்கிறது. அது அடுத்தவர் பதிலைப் போல இருக்காது. உழவர் சந்தைப் பலகையில் பார்த்த விலையை ஒருவர் சொல்கிறார், தெருவில் வரும் தள்ளுவண்டி விலையை இன்னொருவர் சொல்கிறார். “தக்காளி இல்லாவிட்டால் புளியைக் கூட்டிக் குழம்பு வைத்துவிடுவோம், உப்பு விலை ஏறினால் என்ன செய்வது?” என்று ஒரு மாணவி கேட்டார். ஒன்றுக்கு மாற்றாகப் பயன்படும் பொருள், அதாவது பதிலிப் பண்டம் என்ற கருத்தை அவரே வகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டார். நான் பெயர் மட்டும் சூட்டினேன்.

கேள்வி கேட்ட பிறகு காத்திருப்பது ஒரு தனிக் கலை. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினாலே மாணவர்களின் பதில்கள் நீளமாகவும் ஆழமாகவும் வருகின்றன என்று அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களிலேயே கண்டறிந்தார். அது நேர் வகுப்புக்கான கணக்கு. இணையத்தில் ஒலி வந்து சேரத் தாமதமாகும், மைக்கைத் தேடித் திறக்க வேண்டும், “நான் பேசலாமா, வேறு யாராவது பேசப்போகிறார்களா” என்ற தயக்கம் வேறு. மூன்று விநாடி போதாது. நான் மனத்துக்குள் பதினைந்து வரை எண்ணுகிறேன். அந்த அமைதி ஆசிரியருக்குத்தான் பெரிய பாரம். மாணவர்களுக்கு அது யோசிக்கும் நேரம்.

இன்னொரு முறை எனக்கு மிகவும் கைகொடுத்தது. “பதிலை சாட்டில் தட்டச்சு செய்து வையுங்கள், ஆனால் அனுப்பாதீர்கள்” என்று சொல்லி ஒரு நிமிடம் தருவேன். “இப்போது அனுப்புங்கள்” என்றதும் எல்லாப் பதில்களும் ஒரே நேரத்தில் கொட்டும். முதலில் வந்த பதிலைப் பார்த்து எழுத யாருக்கும் வாய்ப்பில்லை. தவறான பதிலைத் தனியாகச் சுட்டிக்காட்டவும் முடியாது. கூச்சமுள்ள மாணவர் கூட்டத்தோடு கூட்டமாக முதல் அடி எடுத்து வைப்பது இங்கேதான்.

கேமராவைக் கட்டாயப்படுத்தாதீர்கள். இதை மன்றாடிக் கேட்கிறேன். ஒற்றை அறை வீட்டில் பின்னால் அம்மா சமைத்துக்கொண்டிருப்பார், தம்பி தூங்கிக்கொண்டிருப்பான். அதை வகுப்புக்கே காட்டச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. எங்கள் பகுதியில் விசைத்தறிகள் அதிகம். ஒரு பருவம் முழுக்க மைக்கைத் திறக்காத மாணவியிடம் தனியாகக் கேட்டபோது, “பக்கத்திலேயே தறி ஓடுது சார், எல்லோருக்கும் கேட்கும்” என்றார். நான் அவரை ஆர்வமில்லாதவர் என்று குறித்து வைத்திருந்தேன். முகங்களை நெருக்கத்தில் பார்த்துக்கொண்டே இருப்பதும், தன் முகத்தையே திரையில் கண்டுகொண்டிருப்பதும் சோர்வைத் தருகின்றன என்று ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பைலென்சன் 2021இல் விளக்கமாகவே எழுதியிருக்கிறார்.

நேரலை வகுப்பில் எவ்வளவு முயன்றாலும் ஒரு பகுதியினருக்கு அந்த நேரமே வாய்ப்பதில்லை. அப்பாவின் கைபேசி இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்பும். 2021 ஜனவரியில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது பேருதவிதான். ஆனால் வீட்டில் ஒரே கைபேசி என்றால் டேட்டா மட்டும் என்ன செய்யும்? இவர்களுக்காகத்தான் அவரவர் நேரத்தில் எழுதும் உரையாடல் தேவைப்படுகிறது. நான் கூகுள் கிளாஸ்ரூமில் நடத்துகிறேன். வாட்ஸ்அப் குழுவிலும் நடத்தலாம்.

இதிலும் தொடக்கத்தில் வழுக்கி விழுந்தேன். “கருத்தைப் பதிவிடுங்கள், இருவருக்குப் பதில் எழுதுங்கள்” என்று சொன்னேன். “நல்ல கருத்து”, “அருமை நண்பா” என்று நூறு பதில்கள் வந்தன. உரையாடல் நடக்கவில்லை, கணக்குத் தீர்க்கப்பட்டது. இப்போது எட்டுப் பத்துப் பேர் கொண்ட சிறு குழுவாகப் பிரிக்கிறேன். புதன்கிழமைக்குள் ஒவ்வொருவரும் தன் ஊர்ச் சந்தை விலை ஒன்றை எழுத வேண்டும். சனிக்கிழமைக்குள் தன் ஊர் விலையோடு மாறுபடும் ஒருவரைத் தேர்ந்து, அந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேட வேண்டும். வேறுபாடு இருந்தால்தான் பேச ஏதாவது இருக்கும். பதிவுகளை எண்ணி மதிப்பெண் தருவதையும் நிறுத்திவிட்டேன். பருவ இறுதியில் தான் எழுதியவற்றில் சிறந்த ஒன்றை மாணவரே எடுத்துக் கொடுக்கட்டும், அதற்கு மதிப்பெண்.

ஆசிரியர் எப்போது உள்ளே வர வேண்டும்? முதல் பதிலை நான் எழுதினால் அத்தோடு விவாதம் முடிந்துவிடும். அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வார்கள். நான் எட்டிப்பார்க்கவே இல்லை என்றாலோ சுவரிடம் பேசுவதாக உணர்வார்கள். ஒரு நாள் பொறுத்து, பதிலுக்குப் பதிலாக ஒரு கேள்வியைப் போடுகிறேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை நேரலை வகுப்பை அந்தப் பதிவுகளிலிருந்தே தொடங்குகிறேன். எழுதியவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, அவர் பெயரைச் சொல்லி, அவர் வாக்கியத்தை வாசிக்கிறேன். தறிச் சத்தத்துக்கு அஞ்சிய மாணவியின் பதிவை அப்படி வாசித்த அன்று, அவர் முதல் முறையாக மைக்கைத் திறந்தார். தறி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆங்கில வழி வகுப்பில் நிலவும் மௌனத்தில் பெரும்பகுதி பாடம் தெரியாததால் வருவதில்லை. இலக்கணப் பிழை நேர்ந்துவிடுமோ என்ற அச்சத்தால் வருகிறது. தமிழில் எழுதலாம், தட்டச்சு வராதவர்கள் குரல் பதிவு அனுப்பலாம் என்று முதல் வகுப்பிலேயே அறிவித்துவிடுகிறேன். கலைச்சொற்களை ஆங்கிலத்தில் சேர்ப்பது இரண்டாம் கட்ட வேலை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு ஒரு புதுச் சிக்கல். பத்துப் பதிவுகளும் ஒரே நடையில், ஒரே மூன்று காரணங்களோடு வருகின்றன. கண்காணிக்கும் மென்பொருளைத் தேடி ஓட எனக்கு விருப்பமில்லை. மாணவரைச் சந்தேகிக்கத் தொடங்கினால் உரையாடல் அங்கேயே செத்துவிடும். கேள்வியைத்தான் இன்னும் பக்கத்தில் கொண்டுவருகிறேன். “உங்கள் தெருக் கடைக்காரரிடம், எந்தப் பொருளைக் கடனுக்குத் தரவே மாட்டீர்கள் என்று கேளுங்கள். அவர் சொன்னதை இரண்டு நிமிடக் குரல் பதிவாக அனுப்புங்கள்” என்பது சென்ற மாதக் கேள்வி. பஸ் நிலையத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் தன் பெரியப்பாவிடம் ஒரு மாணவர் கேட்டிருந்தார். ஹாரன் சத்தங்களுக்கு நடுவே அந்தப் பெரியவர், “சிகரெட்டைக் கடனுக்குத் தர மாட்டேன், பால் பாக்கெட்டைத் தருவேன்” என்று காரணத்தோடு சொல்கிறார். அந்தக் குரல் பதிவின் கீழே இதுவரை 23 பதில்கள் வந்திருக்கின்றன. நான் இன்னும் ஒன்றுகூட எழுதவில்லை.